1857-ல் தொடங்கியது பல்கலைக்கழகமா, ஆசிரியர் பயிற்சிப் பள்ளியா?

உங்கள் மகளுக்கு அமெரிக்காவில் இல்லினாய் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் இடம் கிடைத்திருக்கிறது. தொடங்கிய ஆண்டு 1857 என்று அவர்கள் போடுகிறார்கள். ஆனால் உங்கள் உறவினர் ஒருவர், "அது வெறும் வாத்தியார் ட்ரெய்னிங் பள்ளிக்கூடம்தான், 1964-ல்தான் யுனிவர்சிட்டி என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள்" என்று சொல்லிவிட்டார். இதில் எது உண்மை என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி ஆண்டைப் பற்றியதாகத் தெரிந்தாலும், உங்கள் மனதில் இருப்பது வேறு என்று நினைக்கிறேன். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய ஓர் இடம் உண்மையான பல்கலைக்கழகமாக வளர முடியுமா, அந்தப் பிறப்பு அதற்குக் குறையா என்பதுதான் அது. நான் பி.எட். கல்லூரியில் பல வருடங்கள் கல்வி வரலாறு நடத்தியவள். இந்தக் கல்லூரியின் கதை என் பாடத்துக்குள்ளேயே வருவது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் உறவினர் சொன்னதில் உள்ள தவறு. 1857-ல் சட்டமன்றம் அதற்கு வைத்த பெயரே 'இல்லினாய் ஸ்டேட் நார்மல் யுனிவர்சிட்டி'. 'யுனிவர்சிட்டி' என்ற சொல் முதல் நாளிலிருந்தே இருந்தது. 1964-ல் நடந்தது, நடுவில் இருந்த 'நார்மல்' என்ற சொல்லைப் பின்னுக்குத் தள்ளி, 'இல்லினாய் ஸ்டேட் யுனிவர்சிட்டி அட் நார்மல்' என்று மாற்றியது. அந்தக் கடைசிச் சொல்லும் 1968-ல் போய்விட்டது. அவர் சொன்னதில் உண்மையும் உண்டு. பெயரில் யுனிவர்சிட்டி இருந்தாலும், ஏறக்குறைய நூறு வருடம் அது செய்த வேலை ஆசிரியர்களைத் தயாரிப்பதுதான். நாம் இன்று பல்கலைக்கழகம் என்று சொல்லும் பொருளில் அது 1857-ல் பல்கலைக்கழகம் இல்லை. இவ்வளவும் ஆவணங்களில் உள்ளது, சந்தேகத்துக்கு இடமில்லை.

'நார்மல்' என்ற சொல் நம் காதுக்கு 'சாதாரணம்' என்று ஒலிக்கிறது. அந்த ஊருக்கே நார்மல் என்று பெயர் என்பதால் பலர் சிரிக்கிறார்கள். ஆனால் அதன் பொருள் வேறு. லத்தீனில் 'நார்மா' என்றால் தச்சர் வைத்துப் பார்க்கும் மூலைமட்டம். சரியான கோணத்தைக் காட்டுகிற அளவுகோல். பிரான்சில் புரட்சிக் காலத்தில், 1794-ல், ஆசிரியர்களை உருவாக்க 'எகோல் நார்மால்' என்ற பள்ளியை அமைக்க ஆணையிட்டார்கள். எப்படிக் கற்பிக்க வேண்டும் என்பதற்கு முன்மாதிரியாக இருக்கும் பள்ளி என்று அர்த்தம். அந்தப் பெயர் உலகமெங்கும் பரவியது. நம் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியும் 1856-ல் சென்னையில் அரசு நார்மல் பள்ளியாகத் தொடங்கியதுதான், இல்லினாய் கல்லூரிக்கு ஒரு வருடம் மூத்தது.

அமெரிக்காவில் அரசு நடத்திய முதல் நார்மல் பள்ளி மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெக்சிங்டன் என்ற ஊரில் 1839 ஜூலை 3 அன்று திறந்தது. ஹொரேஸ் மான் அந்த மாநிலக் கல்வி வாரியத்தின் செயலாளராக இருந்து போராடிப் பெற்றது அது. எட்மண்ட் ட்வைட் என்ற வணிகர் 10,000 டாலர் தர முன்வந்தார், அதே தொகையை அரசும் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. முதல் நாள் வந்தவர்கள் மூன்று பேர், மூவரும் இளம்பெண்கள். சைரஸ் பியர்ஸ் என்ற ஒரே ஆசிரியர். அந்தப் பள்ளிதான் இன்றைய ஃப்ரேமிங்ஹாம் ஸ்டேட் யுனிவர்சிட்டி. ஆசிரியர் வேலை என்பது பாடம் தெரிந்தவர் யாரும் செய்துவிடக்கூடியது இல்லை, அதைத் தனியாகக் கற்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு ஓர் அரசு பணம் போட்டது அங்கே அதுதான் முதல் முறை. இந்த எண்ணம் எவ்வளவு புதியது என்பதை மனதில் வைத்துக்கொண்டால்தான் மீதிக் கதை புரியும்.

இல்லினாய்க்கு வருவோம். 1855-ல் அங்கே இலவசப் பள்ளிச் சட்டம் வந்தது. அதுவரை பெரும்பாலும் பெற்றோர் சேர்ந்து பணம் போட்டு ஒரு வாத்தியாரை வைத்துக்கொள்ளும் பள்ளிகள்தான். இப்போது வரிப்பணத்தில் மாநிலம் முழுக்கப் பள்ளி. கட்டடம் கட்டிவிடலாம், ஆனால் ஆசிரியருக்கு எங்கே போவது? ஊர் ஊராக அவசரத்தில் ஆள் பிடித்தார்கள். படிக்கத் தெரிந்த பதினெட்டு வயதுப் பிள்ளை என்றால் போதும். இந்தப் பற்றாக்குறைதான் 1857-ஆம் வருடச் சட்டத்துக்கு நேரடிக் காரணம்.

ஆனால் 'நார்மல் ஸ்கூல்' என்று வைக்காமல் ஏன் 'நார்மல் யுனிவர்சிட்டி' என்று வைத்தார்கள்? இங்கே உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். மாநிலத்திடம் நடுவண் அரசு கொடுத்த நிலங்களை விற்ற பணம் கல்விக்கென்று இருந்தது. அதில் தனியார் கல்லூரிகள் பங்கு கேட்டன. ஜொனதன் பால்ட்வின் டர்னர் என்ற பேராசிரியர், விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று 1851 முதல் ஊர் ஊராகப் பேசிவந்தார். ஆசிரியர் சங்கத்தார் நார்மல் பள்ளி கேட்டார்கள். மூன்று தரப்புக்கும் இடையில் ஏற்பட்ட சமரசம்தான் அந்தச் சட்டம். ஆளுநர் வில்லியம் பிஸ்ஸல் 1857 பிப்ரவரி 18 அன்று கையெழுத்திட்டார். இவ்வளவும் உறுதி. 'யுனிவர்சிட்டி' என்ற சொல்லைப் போட்டது டர்னர் தரப்பைச் சமாதானப்படுத்தவா, பின்னால் பெரிதாக வளர்க்கலாம் என்ற நம்பிக்கையிலா, அந்த நிதியைப் பயன்படுத்தச் சட்டப்படி வசதியாக இருக்கும் என்றா என்பது, படிக்கிறவர் எந்த ஆவணத்துக்கு எடை கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது. மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தது என்பதே என் கருத்து.

எங்கே அமைப்பது என்பதைச் சட்டம் சொல்லவில்லை, யார் அதிகம் தருகிறார்களோ அந்த ஊருக்கு என்று விட்டுவிட்டது. பியோரியாவும் ப்ளூமிங்டனும் போட்டியிட்டன. ப்ளூமிங்டனுக்காக ஓடியாடியவர் ஜெஸ்ஸி ஃபெல். வக்கீல், நில வியாபாரி, பத்திரிகை நடத்தியவர். ஆனால் அவருடைய உண்மையான ஆசை மரம் நடுவதில் இருந்தது. நிலமும் பணமுமாகச் சேர்த்து 1,41,000 டாலருக்கு மேல் உறுதிமொழி திரட்டினார். அதில் 70,000 டாலர் மெக்லீன் கவுண்டியின் (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற பிரிவு) பங்கு, சதுப்பு நிலங்களை விற்று வர வேண்டிய பணம். இடம் ப்ளூமிங்டனுக்குக் கிடைத்தது. ஆனால் கல்லூரியின் பொறுப்பை ஏற்ற மாநிலக் கல்வி வாரியம் ஒரு நிபந்தனை போட்டது: கவுண்டி தராவிட்டால் என்ன செய்வது, அதற்கு ஊர்ப் பெரியவர்கள் பிணைப்பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் பத்திரத்தை எழுதிய வக்கீல் ஆபிரகாம் லிங்கன்.

லிங்கன் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். அவர்தான் அந்தப் பல்கலைக்கழகத்தை நிறுவினார் என்று சிலர் எழுதுகிறார்கள். அது மிகை. வக்கீலாக ஒரு பத்திரத்தை எழுதிக் கொடுத்தார், அவ்வளவே நிச்சயம். ஃபெல் அவருக்கு நெருங்கிய நண்பர் என்பதும் நிச்சயம். 1859 டிசம்பரில் லிங்கன் தன் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதியது ஃபெல் கேட்டதற்காகத்தான். குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன் லிங்கனை வெளியூர்க்காரர்கள் அறிந்துகொண்டதில் அந்தக் குறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. 1857 அக்டோபர் 5 அன்று கல்லூரி திறந்த இடமும் லிங்கனோடு தொடர்புள்ளது. சொந்தக் கட்டடம் இல்லாததால் ப்ளூமிங்டனில் மேஜர்ஸ் ஹால் என்ற வாடகைக் கூடத்தில் வகுப்பு தொடங்கியது. அடிமை முறைக்கு எதிராக லிங்கன் பேசி, யாரும் முழுமையாகக் குறித்து வைக்காததால் 'தொலைந்த பேச்சு' என்று பெயர் பெற்ற உரை, அதற்கு முந்தைய வருடம் அதே கூடத்தில் நிகழ்ந்தது. முதல் நாள் வந்த மாணவர்கள் 19 பேர்.

அந்தப் பத்தொன்பது பேர் என்ன படித்தார்கள் என்று கேட்டால், நம் கண்ணுக்கு மேல்நிலைப் பள்ளிப் பாடமாகத்தான் தெரியும். எழுத்து, வாசிப்பு, கணக்கு, புவியியல், இலக்கணம். சேர வந்தவர்களே எளிய கிராமப் பள்ளியில் படித்தவர்கள். ஒவ்வொரு கவுண்டியிலிருந்தும் குறிப்பிட்ட எண்ணிக்கையினர் கட்டணமில்லாமல் படிக்கலாம், படித்தபின் இல்லினாயில் ஆசிரியராகப் பணிபுரிவதாக உறுதி தர வேண்டும். ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தார்கள். இதை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். பின்னால் அர்பானாவில் தொடங்கிய பெரிய பல்கலைக்கழகம் பெண்களைச் சேர்த்துக்கொண்டது 1870-ல்தான். ஒரு விவசாயியின் மகள் அரசு செலவில் உயர்கல்வி பெற அந்த மாநிலத்தில் முதலில் திறந்த கதவு நார்மல் கல்லூரியின் கதவு. ஆசிரியர் பயிற்சிப் பள்ளி என்று குறைத்துப் பேசும்போது இதுதான் மறந்துபோகிறது. ஆக்ஸ்ஃபோர்டோ ஹார்வர்டோ யாருக்குக் கதவைத் திறக்காமல் வைத்திருந்தனவோ, அவர்களுக்காகவே உருவான கல்லூரிகள் இவை.

கல்லூரி திறந்த அதே இலையுதிர் காலத்தில் அமெரிக்காவில் பெரிய நிதி நெருக்கடி வந்தது. வங்கிகள் மூடின, வாக்குறுதி கொடுத்தவர்களிடமே பணம் இல்லை. கட்டட வேலை நின்றுபோய்ப் பிறகு தொடர்ந்தது. 1860-ல் முதல் அணி பட்டயம் பெற்றபோதும் கட்டடம் முழுதாக முடியவில்லை. இடம், ப்ளூமிங்டனுக்கு வடக்கே இரண்டு ரயில் பாதைகள் குறுக்கிடும் வெட்டவெளிப் புல்நிலம். ஃபெல் அங்கே மரங்களை நட்டுக்கொண்டே இருந்தார். முதலில் வடக்கு ப்ளூமிங்டன் என்று அழைக்கப்பட்ட அந்தக் குடியிருப்புக்கு 1865-ல் கல்லூரியின் பெயரிலிருந்தே 'நார்மல்' என்று பெயர் வந்தது. ஊரால் கல்லூரிக்குப் பெயர் வருவது வழக்கம், இங்கே கல்லூரியால் ஊருக்குப் பெயர்.

அப்புறம் உள்நாட்டுப் போர். முதல் தலைவர் சார்லஸ் ஹோவி, பியோரியாவில் பள்ளி ஆசிரியராக இருந்து வந்தவர், 1861-ல் தன் ஆசிரியர்களையும் மாணவர்களையும் சேர்த்துக்கொண்டு படைக்குப் போய்விட்டார். 33-ஆவது இல்லினாய் காலாட்படைக்கு 'ஆசிரியர் படை' என்றே பெயர். ஹோவி அதன் கர்னல். இலக்கணப் பிழையோடு கட்டளையிட்டால் அந்தப் படையினர் கீழ்ப்படிய மாட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. அது அந்தக் காலத்தில் முகாம்களில் சொல்லப்பட்ட வேடிக்கை, உண்மை நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. அவர்கள் விக்ஸ்பர்க் முற்றுகை வரை போய்ப் போரிட்டது உண்மை. வகுப்பறையிலிருந்து போன பலர் திரும்பவில்லை என்பதும் உண்மை.

ஹோவிக்குப் பின் 1862-ல் தலைமை ஏற்ற ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் வேல்ஸில் பிறந்தவர், மாசசூசெட்ஸின் பிரிட்ஜ்வாட்டர் நார்மல் பள்ளியில் படித்தவர். ஹொரேஸ் மான் தொடங்கிய மரபு நேரடியாக இங்கே வந்து சேர்ந்தது அவர் வழியாகத்தான். 1876 வரை இருந்து, கல்லூரியை நிலைநிறுத்தியவர் அவர்.

இங்கே ஒரு விஷயம். 'வெறும் பயிற்சிப் பள்ளி' என்பவர்களுக்கு இந்தப் பகுதி பதில். மாநில இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் அருங்காட்சியகம் அந்தக் கல்லூரிக் கட்டடத்துக்குள்தான் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவர் ஜான் வெஸ்லி பவல். போரில் வலது கையை இழந்தவர், 1869-ல் கொலராடோ ஆற்றில் படகில் இறங்கி கிராண்ட் கேன்யன் முழுவதையும் கடந்தவர். அவருக்குப் பின் 1872-ல் வந்த ஸ்டீபன் ஃபோர்ப்ஸ் பூச்சிகளையும் மீன்களையும் அவை என்ன தின்கின்றன என்பதையும் ஆராய்ந்தார். இன்று சூழலியல் என்று சொல்லும் துறைக்கு அமெரிக்காவில் அடித்தளம் போட்டவர்களில் அவரும் ஒருவர். 1877-ல் நார்மலில் மாநில ஆய்வகமே உருவானது. ஆனால் 1885-ல் ஃபோர்ப்ஸும் ஆய்வகமும் அர்பானாவுக்குப் போய்விட்டார்கள்.

ஏன் அர்பானா? 1862-ல் மாரில் சட்டப்படி நடுவண் அரசு ஒவ்வொரு மாநிலத்துக்கும் வேளாண் மற்றும் தொழில்நுட்பக் கல்விக்கென நிலம் கொடுத்தது. அதை நார்மலுக்கே பெற்று, பெயரில் இருக்கும் யுனிவர்சிட்டியை நிஜமாக்கிவிட வேண்டும் என்று ஃபெல் முயன்றார். 1867-ல் அது ஷாம்பெய்ன் கவுண்டிக்குப் போனது. அதுதான் இன்றைய இல்லினாய் பல்கலைக்கழகம், அர்பானா-ஷாம்பெய்ன். உங்கள் உறவினர் இந்த இரண்டையும் ஒப்பிட்டுத்தான் பேசியிருப்பார். என் பார்வையில் இந்தக் கல்லூரியின் தலைவிதி தீர்மானமானது 1964-ல் இல்லை, 1867-ல். அந்தத் தோல்விக்குப் பிறகு அடுத்த நூறு வருடம் அது ஆசிரியர்களுக்கான இடமாகவே இருக்க வேண்டியதாயிற்று.

ஆனால் அந்த ஒரே வேலையில் அது செய்தது சின்னதில்லை. நம் ஊரில் பி.எட். படித்த யாரையும் கேளுங்கள், பாடக்குறிப்பேட்டில் ஹெர்பார்ட்டின் ஐந்து படிகளை எழுதிக் கை வலித்திருக்கும். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமைப்படுத்துதல், பயன்படுத்துதல். ஹெர்பார்ட் 1841-ல் இறந்த ஜெர்மன் தத்துவவாதி. அவர் சொன்னது நான்கு நிலைகள்தான், சில்லர், ரைன் போன்ற சீடர்கள்தான் அதை வகுப்பறைக்கேற்ற ஐந்தாக்கினார்கள். நமக்கு அது பெரும்பாலும் பிரிட்டன் வழியாக வந்தது. அமெரிக்காவுக்கு வந்த வழி இந்த நார்மல். அங்கே படித்த சார்லஸ் டி கார்மோவும், மக்மரி சகோதரர்கள் சார்லஸும் ஃபிராங்கும் 1880களில் ஜெர்மனிக்குப் போய் ஹாலே, யேனா பல்கலைக்கழகங்களில் படித்து முனைவர் பட்டத்தோடு திரும்பினார்கள். 1892-ல் ஹெர்பார்ட் கழகம் ஒன்று உருவாகி, 1895-ல் தேசிய அளவில் விரிந்தது. கல்வித் தத்துவவாதி ஜான் டூயி போன்றவர்களும் அதில் இருந்தார்கள். கல்வியை ஆராய்ச்சிக்குரிய துறையாக அமெரிக்கா எடுத்துக்கொள்ளத் தொடங்கியதில் இந்த மூவருக்கும் பெரிய பங்கு உண்டு. அந்த ஐந்து படிகளைப் பின்னால் இயந்திரத்தனமாகப் பயன்படுத்திப் பாழாக்கினார்கள் என்பது தனிக் கதை. ஆனால் ஒரு பாடத்தை மாணவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்கு என்ற எண்ணம் எனக்கு இன்றும் பொய்யாகத் தெரியவில்லை. நான் பயிற்சி மாணவர்களின் வகுப்பைப் பின் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்த ஒவ்வொரு முறையும் அதுதான் நல்ல வகுப்பையும் மோசமான வகுப்பையும் பிரித்தது.

வளர்ச்சிப் படிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மாநிலத்தில் கார்பன்டேல், சார்ல்ஸ்டன், டிகால்ப், மக்கோம்ப் என்று மேலும் நான்கு நார்மல் கல்லூரிகள் 1869-க்கும் 1899-க்கும் இடையில் உருவாயின. அவையும் இன்று பல்கலைக்கழகங்கள். 1900 முதல் 1930 வரை தலைவராக இருந்த டேவிட் ஃபெல்ம்லி, தொடக்கப் பள்ளிக்கு மட்டுமல்ல, உயர்நிலைப் பள்ளிக்கும் ஆசிரியர்களை நாங்களே தயாரிப்போம், அதைப் பெரிய பல்கலைக்கழகத்துக்கு விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று விடாமல் நின்றார். அவர் காலத்தில்தான் நான்காண்டுப் பட்டம் வந்தது. முதுகலைப் பட்டம் 1940களில், முனைவர் பட்டம் 1960களில். இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய வீரர்களுக்கு 1944-ஆம் வருடச் சட்டம் படிப்புச் செலவு கொடுத்தது. அவர்கள் எல்லோரும் ஆசிரியராக விரும்பவில்லை. அதன்பின் அவர்களுடைய பிள்ளைகள் 1960களில் கல்லூரி வயதுக்கு வந்தார்கள். மாணவர் எண்ணிக்கை அந்தப் பத்தாண்டில் பல மடங்கானது. வணிகம், அறிவியல், கலை என்று ஆசிரியர் வேலையோடு சம்பந்தமில்லாத பட்டங்களைத் தர வேண்டிய கட்டாயம் வந்தது. பெயர் மாற்றம் அதன் முத்திரைதான். இது இந்த ஒரு கல்லூரியின் கதை மட்டுமில்லை. கலிஃபோர்னியாவில் யு.சி.எல்.ஏ. 1882-ல் லாஸ் ஏஞ்சலஸ் நார்மல் பள்ளியாகத் தொடங்கியது. அரிசோனா ஸ்டேட் யுனிவர்சிட்டி 1885-ல் டெம்பி ஊரில் நார்மல் பள்ளியாக உருவானது. யு.சி.எல்.ஏ. தன் பிறப்பு ஆண்டை 1919 என்று எண்ணிக்கொள்கிறது, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தோடு இணைந்த வருடம் அது. இல்லினாய் ஸ்டேட் தன் நார்மல் ஆண்டையே பிறந்த ஆண்டாக வைத்திருக்கிறது. இரண்டு கணக்கும் தவறில்லை, ஆனால் எனக்கு இரண்டாவதுதான் நேர்மையாகப் படுகிறது. ஒரே நிறுவனம், ஒரே நிலம், இடையில் அறுபடாத தொடர்ச்சி. வேறு எந்த ஆண்டைப் போட முடியும்?

இதில் என்னை வருத்துகிற ஒன்றையும் சொல்லாமல் விட முடியாது. நார்மல் கல்லூரியில் கணக்கு ஆசிரியர் கணக்கையும் சொல்லிக்கொடுப்பார், அதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது, அது எங்கே தடுமாறும் என்பதையும் அதே வகுப்பில் சொல்லிக்கொடுப்பார். முழுக் கல்லூரியின் கண்ணும் அந்தப் பிள்ளை மேல் இருந்தது. பல்கலைக்கழகம் ஆனதும் கணக்கு ஒரு துறைக்குப் போனது, கற்பிக்கும் முறை இன்னொரு துறைக்குப் போனது. இரண்டு துறைக்காரர்களும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அரிதாயிற்று. கல்வித் துறை வளாகத்தில் மதிப்புக் குறைந்த துறையானது. 1986-ல் லீ ஷுல்மன் என்ற கல்வியாளர், பாடத்தை அறிவதும் கற்பிக்கத் தெரிவதும் தனித்தனி இல்லை, இரண்டும் கலந்த ஒரு தனி அறிவு ஆசிரியரிடம் இருக்கிறது என்று எழுதியபோது கல்வி உலகம் அதைப் பெரிய கண்டுபிடிப்பாகக் கொண்டாடியது. அவர் சொன்னது சரிதான். ஆனால் பழைய நார்மல் ஆசிரியர்கள் அந்தப் பெயர் இல்லாமல் அதைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தார்கள். இந்தக் கல்லூரிகள் வளர்ந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான், ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு வேறு வழிகளும் திறந்தன. ஆனால் அந்த வளர்ச்சிக்குக் கொடுத்த விலை இது. நம் நாட்டிலும் பி.எட். என்றால் வேறு எதுவும் கிடைக்காதவர் படிப்பது என்று பேசுகிறோமே, அந்தப் பேச்சும் இந்த விலையின் ஒரு பகுதிதான்.

சரி, உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். 1857 என்பது உண்மையான ஆண்டு, அது இல்லினாயின் முதல் அரசுப் பல்கலைக்கழகம், அதைச் சொல்லிக்கொள்ள அதற்கு உரிமை உண்டு. அப்போது இருந்தது ஆசிரியர் பயிற்சி நிறுவனம் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதில் அதற்கோ உங்கள் மகளுக்கோ எந்தக் குறையும் இல்லை. அவள் படிக்கப் போகும் குறிப்பிட்ட துறை இன்று எவ்வளவு வலுவானது, வேலை வாய்ப்பு எப்படி என்பதை என் வரலாற்றுப் படிப்பை வைத்துச் சொல்ல முடியாது. அதை அந்தத் துறையில் சமீபத்தில் படித்து முடித்தவர்களிடமும், துறையின் பேராசிரியர்கள் யார், என்ன ஆராய்கிறார்கள் என்று பார்த்தும் தெரிந்துகொள்ளுங்கள். பழைய கல்லூரியின் வயது அதற்குப் பதிலாகாது, புதிய தரவரிசைப் பட்டியலும் முழுப் பதிலாகாது.

அவள் அங்கே போனதும் பார்க்கச் சொல்லுங்கள். முதல் கட்டடமான 'ஓல்ட் மெயின்' 1958-ல் இடிக்கப்பட்டது, அதன் மணியை மட்டும் வளாகத்தில் வைத்திருக்கிறார்கள். ஃபெல்லின் நினைவாக வளாகம் முழுவதுமே அவர் பெயரில் ஒரு மரப்பூங்காவாக இருக்கிறது. கல்வித் துறை இருக்கும் கட்டடத்துக்கு டி கார்மோ பெயர். நூலகத்துக்கு, 1890 முதல் நூலகராக இருந்து புத்தகங்களைச் சேர்த்த ஏஞ்ச் மில்னர் என்ற அம்மையாரின் பெயர். கல்லூரியின் முத்திரை வாக்கியம் ஒரு பழைய ஆங்கிலக் கவிதை வரியிலிருந்து எடுத்தது, 'மகிழ்ந்து கற்கிறோம், கற்பிக்கிறோம்' என்று பொருள். 1857-ல் பயிற்சி மாணவர்கள் பாடம் நடத்திப் பழகுவதற்காக ஒரு மாதிரிப் பள்ளியும் கூடவே தொடங்கினார்கள். அதன் வழிவந்த மெட்காஃப் பள்ளியும் யுனிவர்சிட்டி ஹை ஸ்கூலும் இன்றும் நடக்கின்றன. காலையில் அங்கே பிள்ளைகள் வகுப்புக்குப் போவதையும், ஆசிரியராகப் போகிற இளைஞர்கள் கையில் நோட்டோடு அவர்கள் பின்னால் போவதையும் அவள் பார்க்கலாம்.